சிறிய ஆன்லைன் சார்ட்டர் ஹைஸ்கூல்: சேர்க்கை எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கலிஃபோர்னியாவில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளை முழுக்க ஆன்லைனில் நடத்தும் சிறிய சார்ட்டர் பள்ளிகள், அனுமதி பெற்றுத் தனி நிர்வாகக் குழு நடத்தினாலும், அரசுப் பணத்தில் ஓடும் பொதுப்பள்ளிகள்தாம். கட்டணம் கிடையாது. நுழைவுத் தேர்வு வைக்க முடியாது. ஒவ்வொன்றின் இணையதளத்திலும் மொத்த மாணவர் எண்ணிக்கை, ஆசியர் இத்தனை சதவீதம், ஹைஸ்கூல் டிப்ளோமா பெற்றவர்கள் இத்தனை சதவீதம் என்று ஒரு பக்கம் இருக்கும். பெற்றோர் பெரும்பாலும் அந்தப் பக்கத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள். இங்கே மதிப்பிடுவது தனியொரு பள்ளியை அல்ல, இந்த வகைப் பள்ளி தரும் சேவையையும், அதைப் பற்றி வெளியிடப்படும் எண்களையும். இருநூறு பேருக்குக் குறைவான பள்ளியில் இந்த எண்கள் பெரிய பள்ளியில் நடந்துகொள்வதைப் போல நடந்துகொள்வதில்லை.

முதலில் மொத்த எண்ணிக்கை. கலிஃபோர்னியாவில் அது அக்டோபர் மாதத்து முதல் புதன்கிழமை எடுக்கும் தலைக்கணக்கு. ரயில் ஒரு நிலையத்தில் நிற்கும்போது பெட்டியில் இருந்தவர்களை எண்ணியது போல. அதற்கு முன் இறங்கியவர்களும் பின்னால் ஏறியவர்களும் அதில் இல்லை. வழக்கமான ஹைஸ்கூலில் ஆகஸ்டில் உட்கார்ந்த பிள்ளைகளே பெரும்பாலும் ஜூனிலும் இருப்பார்கள், ஆகவே ஒரு நாள் கணக்கு போதும். ஆன்லைன் பள்ளியில் வருடம் முழுவதும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. அக்டோபரில் 180 பேர் என்று காட்டும் பள்ளியின் பதிவேட்டை ஆண்டு முழுவதும் 300 பேர் தொட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

இதைப் பார்க்க மாநிலக் கல்வித்துறையின் டேட்டாகுவெஸ்ட் தளத்தில் இரண்டு அறிக்கைகள் உள்ளன. ஒன்று, ஆண்டு முழுவதும் சேர்ந்த அனைவரையும் கூட்டும் மொத்தச் சேர்க்கை. இன்னொன்று 'ஸ்டெபிலிட்டி ரேட்', அதாவது நிலைத்திருப்போர் விகிதம். ஒரே பள்ளியில் தொடர்ந்து குறைந்தது 245 நாட்கள் பதிவில் இருந்தவர்களே நிலைத்திருந்தவர்கள். 245 என்பது காலண்டர் நாட்கள்; பள்ளி நடந்த நாட்கள் அல்ல. ஒரு சிறிய ஆன்லைன் பள்ளியைப் பற்றி ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். மதிப்பெண் சதவீதமும் இனவாரிக் கணக்கும் இதற்குப் பிறகுதான்.

விகிதம் குறைவாக இருப்பதே குற்றம் ஆகிவிடாது. பாடங்களில் பின்தங்கி, கிரெடிட் (பாடம் முடித்தால் டிப்ளோமாவுக்குச் சேரும் புள்ளி) குறைந்து வரும் பிள்ளை ஒரு செமஸ்டரில் நான்கு பாடங்களை முடித்துவிட்டுப் பழைய பள்ளிக்குத் திரும்பினால் அது சேவை நன்றாக நடந்ததற்கு அடையாளம். அதே கணக்கில், லாகின் செய்யாமலே மூன்று மாதம் கிடந்து நீக்கப்பட்ட பிள்ளையும் வருகிறான். இரண்டையும் பிரித்துச் சொல்லும்படி பள்ளியிடம் கேட்க வேண்டும்: போனவர்களில் எத்தனை பேர் எத்தனை கிரெடிட்டோடு போனார்கள்? பதிவாளர் கையில் இந்தப் பட்டியல் இருந்தே ஆக வேண்டும். வெளியேறிய ஒவ்வொருவருக்கும் காரணக் குறியீடு போட்டுத்தான் மாநிலத்துக்கு அனுப்புகிறார்கள். "அப்படியெல்லாம் கணக்கு வைப்பதில்லை" என்று பதில் வந்தால், அந்தப் பள்ளியை அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்து வகுப்புவாரிக் கணக்கு. இதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. 180 பேரில் ஒன்பதில் 25, பத்தில் 35, பதினொன்றில் 50, பன்னிரண்டில் 70 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தத் தலைகீழ்ப் பிரமிடு இந்த வகைப் பள்ளிகளுக்குரிய வடிவம். பிள்ளைகள் தொடக்கத்திலிருந்து இங்கே படிக்கவில்லை. வேறெங்கோ சிக்கல் வந்த பிறகு வருகிறார்கள். பன்னிரண்டில் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் ஐந்தாம் வருடத்தை ஓட்டுபவர்களும் இருப்பார்கள். சில பள்ளிகள் வகுப்பை வயதை வைத்து அல்லாமல் கிரெடிட்டை வைத்துப் பதிகின்றன. அங்கே கிரெடிட் குறைந்த பன்னிரண்டாம் வகுப்பு வயதினரும் சேர்ந்து பதினொன்றாம் வகுப்பின் எண்ணிக்கை வீங்கித் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளையைச் சேர்க்கப் போகும் குடும்பத்துக்கு இதன் பொருள்: அந்தப் பிள்ளையின் வயதொத்த கூட்டாளிகள் இருபத்தைந்து பேர் மட்டுமே. ஜியோமெட்ரி நேரலை வகுப்பில் அவர்களில் பாதிப்பேர் வந்தாலே பெரிது.

இனவாரிக் கணக்கில் தமிழ்க் குடும்பங்கள் தேடுவது 'ஆசியர்' என்ற வரியை. கலிஃபோர்னியாவில் ஃபிலிப்பினோக்கள் அந்த வரியில் வருவதில்லை. அவர்களுக்குத் தனி வரி உண்டு. ஹிஸ்பானிக் என்று குறித்தவர் எந்த இனத்தவரானாலும் ஹிஸ்பானிக் வரியில் மட்டுமே எண்ணப்படுவார். இரண்டு இனங்களைக் குறித்த பிள்ளை 'இரண்டு அல்லது அதற்கு மேல்' வரிக்குப் போய்விடும். ஆகவே அப்பா தமிழர், அம்மா வெள்ளையர் என்ற வீட்டுப் பிள்ளையை ஆசியர் வரியில் தேடிப் பயனில்லை. சேர்க்கைப் படிவத்தில் 'ஏஷியன் இண்டியன்' என்று தனியாகக் குறிக்கலாம் என்றாலும் பள்ளியின் பொது அறிக்கையில் எல்லாம் ஒரே வரியில் கரைந்துவிடும்.

சதவீதத்தை விட ஆட்களை எண்ணுவது நல்லது. 180 பேரில் ஒருவர் என்பது 0.56 சதவீதம். ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் வீடு மாறிப் போனால் ஆசியர் பங்கு ஒன்றரைப் புள்ளிக்கு மேல் சரியும். 'பன்முகத்தன்மை குறைந்துவிட்டது' என்று வரைபடம் காட்டுவது உண்மையில் ஒரு லாரி வாடகைக்கு எடுத்த கதையாக இருக்கும். இன்னொன்று, பள்ளி முடிவுகளை நிறங்களால் மதிப்பிட்டுக் காட்டும் மாநில டாஷ்போர்டு தளத்தில் ஒரு குழுவில் 11 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தக் குழுவின் முடிவுகளை மறைத்துவிடுவார்கள். 30 பேருக்குக் குறைவென்றால் நிறம் தர மாட்டார்கள். 11 என்ற வரம்பு மாணவர் அடையாளம் தெரியாமல் காக்கும் ஏற்பாடு, தேவையானதுதான். ஆனால் சிறிய பள்ளியில் பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். வெறுமையான கட்டத்துக்குப் 'பிரச்சினை இல்லை' என்று பொருள் கொள்ளக் கூடாது.

வருமானவாரிக் கணக்கில் இன்னும் பெரிய ஓட்டை. வருமானம் குறைந்தவர்கள் யார் என்பதை வழக்கமான பள்ளி மதிய உணவுத் திட்டத்தின் வழியே கண்டுபிடிக்கிறது: மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 130 சதவீதம் வரை இலவசம், 185 சதவீதம் வரை குறைந்த விலை. வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கு உணவு வரிசை இல்லை. அரசு உதவித் திட்டங்களில் ஏற்கெனவே இருக்கும் குடும்பங்களை மாநிலமே பொருத்திக் கொடுத்துவிடும். மற்றவர்களைப் பற்றித் தெரிய வருமானப் படிவம் ஒன்றுதான் வழி. சேர்க்கைப் பொதியில் பதினைந்தாவது தாளாக வரும் அதைப் பலர் நிரப்புவதில்லை. விளைவு: ஆன்லைன் பள்ளியின் 'பின்தங்கிய பொருளாதாரம்' சதவீதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும் வாய்ப்பு அதிகம். 2013 முதல் நடப்பிலுள்ள நிதி முறையில் குறைந்த வருமானத்தினர், ஆங்கிலம் கற்பவர், வளர்ப்பு இல்லப் பிள்ளைகள் ஆகியோருக்குத் தலைக்கு 20 சதவீதம் கூடுதல் தொகை பள்ளிக்குக் கிடைக்கிறது. படிவம் நிரப்பப்படாவிட்டால் அந்தப் பணம் வராது. சிறிய பள்ளியில் பத்துப் படிவங்கள் என்பது ஓர் உதவி ஆசிரியரின் பகுதி நேரச் சம்பளம். வருமானம் எதுவானாலும் அந்தத் தாளை நிரப்பிக் கொடுங்கள்.

கலிஃபோர்னியா பொதுப்பள்ளியில் முதன்முறை சேரும் பிள்ளைக்கு வீட்டு மொழி பற்றிய நான்கு கேள்விகள் வரும். முதல் மூன்றில் 'தமிழ்' என்று எழுதினால் எல்பாக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு உண்டு. சேர்ந்த 30 நாட்களுக்குள் நடத்த வேண்டும். இதற்கு அஞ்சி, வீட்டில் ஆங்கிலம் மட்டுமே என்று பொய் எழுதச் சொல்லும் அறிவுரை சுற்றுகிறது. வேண்டாம். முதல் தேர்விலேயே ஆங்கிலத்தில் தேர்ச்சி என்று வந்துவிட்டால் அதோடு முடிந்தது. தேர்ச்சி இல்லையென்றால் பிள்ளைக்குத் தனி ஆங்கில வகுப்பு கிடைக்க உரிமை வருகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: ஆங்கிலம் கற்பவர் எட்டே பேர் இருக்கும் பள்ளியில் அதற்கென முழுநேர ஆசிரியர் இருப்பது அரிது. வாரத்தில் எத்தனை நிமிடம், யார் நடத்துகிறார், நேரலையா பதிவா என்று கேளுங்கள். வேறு கலிஃபோர்னியா பள்ளியிலிருந்து மாறி வரும் பிள்ளைக்குப் பழைய வகைப்பாடே தொடரும், புதிய தேர்வு கிடையாது.

ஐஈபி (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனித் திட்டம்) உள்ள பிள்ளைகளின் பங்கையும் பார்க்க வேண்டும். நாடு முழுவதும் பொதுப்பள்ளி மாணவர்களில் சுமார் 15 சதவீதம் பேர் 2022–23-இல் சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் சேவை பெற்றார்கள். ஓர் ஆன்லைன் பள்ளியில் இது 5 சதவீதமாக இருந்தால், அந்தக் குடும்பங்கள் ஏன் வரவில்லை, அல்லது வந்து ஏன் போனார்கள் என்ற கேள்வி எழ வேண்டும். 20 சதவீதமாக இருந்தால், பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் பள்ளியின் ஊழியரா, ஒப்பந்தத்தில் திரையில் மட்டும் வருபவரா என்று கேட்க வேண்டும். சேர்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது: வகுப்பறைக்கு வராமல் படிக்கும் இந்தச் சுயமுறைக் கல்வி அந்தப் பிள்ளைக்குப் பொருந்துமென்று ஐஈபி ஆவணத்திலேயே இருக்க வேண்டும். அதற்கான கூட்டத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் பிள்ளை எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லாமல் வாரக்கணக்கில் நிற்கும்.

டிப்ளோமா பெற்றவர்கள் விகிதத்துக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்பில் ஒன்றாகத் தொடங்கியவர்களை ஓர் அணியாகக் கொண்டு, இடையில் வந்தவர்களைக் கூட்டி, முறைப்படி மாறிப் போனவர்களைக் கழித்து, நான்கு ஆண்டில் டிப்ளோமா வாங்கியவர்களை எண்ணுகிறார்கள். பதினொன்றாம் வகுப்பு நடுவில் 60 கிரெடிட்டோடு வந்து சேரும் பிள்ளையும் இந்தப் பள்ளியின் அணியில்தான் எண்ணப்படுவான். அவன் நான்கு ஆண்டில் முடிக்கவில்லை என்றால் முந்தைய பள்ளிக்குக் கறை இல்லை. இந்த அநீதியை மனதில் வைத்துத்தான் விகிதத்தைப் படிக்க வேண்டும். நாடு முழுவதற்குமான விகிதம் 2021–22-இல் 87 சதவீதம். பின்தங்கி வருவோரை ஏற்கும் பள்ளியை இதோடு நேரே ஒப்பிடுவது நியாயமல்ல. மாணவர்களில் 70 சதவீதம் பேராவது அதிக இடர் உள்ள பிரிவினராக இருக்கும் பள்ளிகள் 'டாஸ்' என்ற மாற்றுப்பள்ளித் தகுதியைப் பெறலாம். அந்தத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

சிறிய அணியின் ஆட்டத்துக்கு ஒரு கணக்கு: முதல் ஆண்டு 36-இல் 28 பேர், அடுத்த ஆண்டு 34-இல் 31, அதற்கடுத்து 38-இல் 25. விகிதங்கள் 77.8, 91.2, 65.8. நடு ஆண்டில் 'சாதனை' என்று விளம்பரம் வரும், மூன்றாம் ஆண்டில் பெற்றோர் கூட்டத்தில் சத்தம் வரும். மூன்றையும் சேர்த்தால் 108-இல் 84 பேர், 77.8 சதவீதம். பள்ளியின் தரத்துக்கு மிக நெருங்கிய எண் இதுதான். எப்போதும் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், ஆட்களைக் கூட்டி வகுங்கள், சதவீதங்களின் சராசரியை எடுக்காதீர்கள்.

நம்மவர்கள் தெரியாமல் இந்த விகிதத்தைக் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. விசா மாறியோ வேலை போயோ இந்தியா திரும்பும் குடும்பம் பள்ளிக்கு எழுத்தில் எதுவும் தெரிவிக்காமல் போனால், மாறிப் போனதற்கு ஆவணம் இல்லாததால் அந்தப் பிள்ளை இடைநின்றவனாகவே கணக்கில் நிற்பான். 36 பேர் அணியில் அது 2.8 புள்ளி. இரண்டு வரி மின்னஞ்சலும், சேர்ந்த பள்ளியின் கடிதமும் போதும்.

சேர்க்கை நடைமுறையில் முதல் தடை முகவரி. கலிஃபோர்னியாவில் வகுப்பறை சாராத சார்ட்டர் பள்ளி, தனக்கு அனுமதி தந்த கவுன்டியிலும் (மாவட்டம்) அதை ஒட்டிய கவுன்டிகளிலும் வசிப்பவர்களை மட்டுமே சேர்க்கலாம். சான்டா கிளாரா கவுன்டியில் அனுமதி பெற்ற பள்ளியில் ஃப்ரீமாண்ட் பிள்ளை சேரலாம், அலமீடா கவுன்டி ஒட்டியிருக்கிறது. சான் ரமோன் பிள்ளை சேர முடியாது, கான்ட்ரா கோஸ்டா கவுன்டி ஒட்டவில்லை. ஆன்லைன்தானே, எங்கிருந்தால் என்ன என்று நினைத்து ஆண்டின் நடுவில் வீடு மாறுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் போடும் முன் வரைபடத்தைப் பாருங்கள்.

விண்ணப்பம் இடங்களைவிட அதிகமானால் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல். சேர்க்கை உறுதியாகும் முன் மதிப்பெண் பட்டியலையோ ஐஈபியையோ பள்ளி கேட்கக் கூடாது என்று 2019 முதல் சட்டம் சொல்கிறது. முதல் படிவத்திலேயே அவற்றைக் கேட்கும் பள்ளி, யாரை வடிகட்டப் பார்க்கிறது என்பதைத் தானே காட்டிக் கொடுக்கிறது. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பொதுப்பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்பது 1982-இன் பிளைலர் வழக்குத் தீர்ப்பு. எச்-4 விசாவில் பெற்றோருடன் இருக்கும் பிள்ளைகளுக்கு எந்தத் தடையும் இல்லை.

சேர்ந்ததும் வரும் 'மாஸ்டர் அக்ரிமென்ட்' என்ற ஒப்பந்தம் வெறும் சடங்கல்ல. வேலையை எப்போது, எப்படி ஒப்படைப்பது, எத்தனை வேலைகள் தவறினால் மறுபரிசீலனை, எத்தனை கிரெடிட் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மாணவர், பெற்றோர், பொறுப்பாசிரியர் மூவர் கையெழுத்தும் தேவை. ஒரு கையெழுத்து விடுபட்டால் தணிக்கையில் அந்த நாட்களுக்கான பணம் போகும், ஆகவே அலுவலகம் கையெழுத்துக்காகத் துரத்தும். அது அவர்கள் தொல்லை செய்வது அல்ல. வருகைப்பதிவு லாகினால் வருவதில்லை. முடித்த வேலையைச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் பார்த்து, அது எத்தனை நாள் வேலைக்குச் சமம் என்று மதிப்பிடுவதே வருகை. எட்டு மணி நேரம் திரையைத் திறந்து வைத்தவனுக்கு எதுவும் கிடையாது. இதனால் நாள்பட்ட வருகையின்மை எண் இங்கே பெரிய செய்தி எதையும் சொல்லாது.

கல்லூரி பற்றி இரண்டே குறிப்புகள். யூசியில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) சேரத் தேவையான, 'ஏ-ஜி' எனப்படும் 15 பாடங்கள் அந்தப் பள்ளியின் பெயரில் யூசியின் பட்டியலில் இருக்க வேண்டும். பாடம் தயாரித்த நிறுவனத்தின் பெயரில் இருப்பது போதாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் போட்டிகளில் ஆடும் கனவு இருந்தால் 16 அடிப்படைப் பாடங்களில் ஆன்லைன் பாடங்களுக்கு ஆசிரியரோடு முறையான தொடர்பு இருந்ததா என்று பார்ப்பார்கள். முன்பே உறுதி செய்யுங்கள்.

பள்ளி எப்படிச் சேவை தருகிறது என்பது பணம் வரும் வழியைப் பொறுத்தது. முழு நிதி பெற, வருவாயில் 40 சதவீதமாவது சான்றிதழ் பெற்ற ஆசிரியர் சம்பளத்துக்கும், 80 சதவீதமாவது கற்பித்தல் சார்ந்த செலவுக்கும் போக வேண்டும். மாணவர்–ஆசிரியர் விகிதம் 25-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. இந்த 25 வகுப்பின் அளவு அல்ல. ஓர் ஆசிரியர் பெயரில் 25 பிள்ளைகள், பாடம் ஐந்தாறு வேறு வேறு. இந்தக் கெடுபிடிக்கு வரலாறு உண்டு. 2019-இல் ஏ-3 வழக்கில் சான் டியேகோவில் 11 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளின் வலைப்பின்னல் வழியாக, படிக்காத பிள்ளைகளின் பெயரில் மாநிலப் பணம் பெறப்பட்டதே குற்றச்சாட்டு. விளையாட்டுக் குழுக்களில் இருந்த பிள்ளைகளின் பெயர்கள்கூட அந்தப் பதிவேடுகளில் ஏறியிருந்தன. சேர்க்கை எண்ணைச் சந்தேகத்தோடு படிக்கக் கற்றுக்கொடுத்தது அந்த வழக்கு. புதிதாக இத்தகைய பள்ளிகள் தொடங்க 2020-இல் வந்த தடை பின்னர் நீட்டிக்கப்பட்டது.

சேவையின் மிகப் பலவீனமான பகுதி ஆசிரியரோடு நேரலையில் கிடைக்கும் நேரம். 2015-இல் வெளிவந்த தேசிய ஆய்வுகளில் ஒன்று, ஆன்லைன் சார்ட்டர் பள்ளியில் ஒரு வாரத்தில் கிடைக்கும் நேரலை நேரம் வழக்கமான பள்ளியில் ஒரு நாளில் கிடைப்பதைவிடக் குறைவு என்றது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் அதே ஆண்டு, 180 நாள் பள்ளி ஆண்டில் வாசிப்பில் 72 நாள், கணிதத்தில் 180 நாள் அளவுக்குக் கற்றல் குறைகிறது என்று கணக்கிட்டது. கணிதத்தில் ஓர் ஆண்டே போய்விட்டது என்று பொருள். அன்றிலிருந்து கலிஃபோர்னியாவில் விதிகள் இறுகியுள்ளன; 2021 முதல் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறையாவது நேரலைக் கற்பித்தலுக்கு வாய்ப்பு தர வேண்டும். வாரம் ஒருமுறை என்பது குறைந்தபட்ச வரம்பு. அதோடு நின்றுவிடும் பள்ளியில் கணிதம் பலவீனமான பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

தானாக எழுந்து உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு, கம்யூனிட்டி காலேஜ் பாடங்களைச் சேர்த்து எடுக்க விரும்புபவருக்கு, நீண்ட சிகிச்சையில் இருப்பவருக்கு, சீண்டலுக்கு அஞ்சிப் பள்ளியை விட்டு வந்தவருக்கு இந்தச் சிறிய பள்ளிகள் உண்மையிலேயே நல்லவை. பொறுப்பாசிரியருக்குப் பிள்ளையின் பெயரும் குணமும் தெரியும். இரண்டாயிரம் பேர் படிக்கும் ஹைஸ்கூலில் கவுன்சிலரிடம் அது கிடைப்பது கடினம். தள்ளிவிட ஆள் வேண்டும் என்ற பிள்ளைக்கு, வீட்டில் பகலில் பெரியவர் யாரும் இல்லாதபோது, இது பொருந்தாது. எவ்வளவு நல்ல எண்களாக இருந்தாலும் சரி.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டிய இடம் பள்ளியின் இணையதளத்தின் முகப்புப் பக்கம் அல்ல, நிர்வாகக் குழுக் கூட்டத்தின் ஆவணங்கள். சார்ட்டர் பள்ளிக் குழுக்களும் பொதுக்கூட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். அதோடு இணைக்கும் ஆவணங்களில் பல பள்ளிகள் மாதவாரிச் சேர்க்கை, புதிதாக வந்தோர், வெளியேறியோர் பட்டியலையும் வைக்கின்றன. செப்டம்பர் முதல் மே வரையிலான ஒன்பது மாதத் தாள்களை எடுத்து, 'வெளியேறியோர்' வரியை மட்டும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை அக்டோபர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பள்ளியின் சேர்க்கை அலுவலரை அழையுங்கள்.